பாவு முடிந்ததும் ஊட்டி

எனக்குக் கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் இரண்டு குரங்குத் தொப்பிகள் வாங்கி வந்தார். காதையும் கழுத்தையும் மூடி, முகத்தை மட்டும் வெளியே விடும் கம்பளித் தொப்பி. ஒன்று பழுப்பு, இன்னொன்று கருஞ்சிவப்பு. காஞ்சிபுரத்தில், அதுவும் சித்திரை வெயிலில்.

"இன்னாத்துக்கு இது?" என்று கேட்டேன்.

"ஊட்டிக்குப் போறோம்ல."

நான் வெட்கப்பட்டேன். அந்தக் காலத்தில் எனக்கு வெட்கமெல்லாம் வரும்.

"எப்போ?"

"இந்தப் பாவு முடியட்டும்."

வீட்டுக்கு வீடு தறி ஓடும் எங்கள் பிள்ளையார்பாளையத்துக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தறியில் நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகள்தான் பாவு. ஒரு பாவில் மூன்று புடவை வரும். மூன்றாவது புடவையை அறுத்து இறக்கினால் பாவு முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் அப்பா பேருந்து நடத்துநர். நெசவு இல்லாத வீட்டிலிருந்து வந்தவளுக்கு என்ன தெரியும்? பழைய பாவின் வால் தறியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அந்த வாலின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் ஓர் இழையைச் சேர்த்து முறுக்கிப் பிணைத்து, அப்படியே முன்னால் இழுத்துவிட்டால் அடுத்த புடவை ஆரம்பம். பழையது முடிவதற்குள் புதுப் பாவு சுருட்டி வீட்டுக்கு வந்துவிடும். ஆக, எங்கள் வீட்டில் பாவு முடிந்ததே கிடையாது. என் மாமனார் காலத்தில் ஆரம்பித்த பாவே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நான் சொன்னால் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். கோபம் வருகிறதே தவிர, மறுத்துச் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை.

தப்பித் தவறித் தறி ஓய்ந்தாலும் ஊர் ஓயாது. வைகாசியில் கருட சேவை, வீடு கொள்ளாமல் விருந்தாளிகள். ஐப்பசிக்கு முன்னால் தீபாவளி அவசரம். தையில் முகூர்த்தப் புடவைகள். பங்குனியில் ஏகாம்பரநாதருக்குக் கல்யாணம். இதுதான் எனக்கு ஆற்றாமை. அவருக்கு வருஷா வருஷம் கல்யாணம் நடக்கிறது. எனக்கு நடந்ததே ஒன்று, அதற்கு உண்டான ஊட்டியும் வந்தபாடில்லை. சந்நிதியில் நின்று இதை வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். அர்ச்சகர் காதில் விழாத மாதிரி மணி அடித்தார்.

பழுப்புத் தொப்பியை மார்கழி விடியலில் மாட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் தறியில் உட்கார்வார். கருஞ்சிவப்புத் தொப்பி எங்கள் மகளுக்குப் பள்ளி மாறுவேடப் போட்டியில் கரடி வேஷத்துக்கு உதவியது. அவள் முதல் வகுப்பில் இரண்டு மலையும் நடுவில் சூரியனும் வரைந்தபோது, அது எந்த ஊர் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். "ஊட்டி. பாவு முடிஞ்சதும் போவோம்," என்றிருக்கிறாள். ஆசையும் அவளுக்கு என்னிடமிருந்தே வந்தது, ஏமாற்றமும் அப்படியே. அவள் கல்லூரிக்குப் போகும் வயதாகியும் நாங்கள் செங்கல்பட்டைத் தாண்டவில்லை.

இனி என் சிநேகிதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுத்த வீடு. அவள் வீட்டுக்காரர் இறந்து வெகுகாலம் ஆகிறது, ஒரே மகள் அரக்கோணத்தில் குடும்பமாக இருக்கிறாள். எங்கள் தெருவில் பாவு பிணைப்பதில் அவளுக்குத்தான் பேர். தறிக்குப் பின்னால் கால் மடக்கி உட்கார்ந்து, விரல் நுனியில் கொஞ்சம் சாம்பல் தொட்டுக்கொண்டு, பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று, ஒரு முறுக்கு, ஒரு மடக்கு. கண் தெருவில் இருக்கும், வாய் என்னோடு பேசிக்கொண்டிருக்கும், விரல் தன் பாட்டுக்கு ஓடும். ஆயிரக்கணக்கான இழை. காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் எழுந்துவிடுவாள். என் ஊட்டி தள்ளிப்போக என் வீட்டுக்காரர் பாதிக் காரணம் என்றால், அவள் மீதிக் காரணம். இதைச் சொல்லி அவளை நான் திட்டுவேன். "நான் பிணைக்கலன்னா உங்க வூட்டுல சோறு ஏதுடி?" என்பாள்.

ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவள் மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்றாள். நான் பயந்தேன். அவள் பயப்படவில்லை, அல்லது பயந்ததைக் காட்டவில்லை. புற்றுநோய் என்றார்கள். சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்குமாக அலைந்தோம். ஆபரேஷன் நடந்தது, பிறகு கீமோ. அவள் மகள் வர முடியாத நாட்களில் நான்தான் கூடப் போனேன். அவள் கையில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பேன்.

"இன்னாடி அழுவுற? ஊசி எனக்குப் போட்டுக்கினு இருக்காங்களா, உனக்கா?"

"சும்மா இரு."

"நீ ஊட்டிக்குப் போனியா இல்லியா?"

"இந்த நேரத்துல கேக்குற கேள்வியாடி இது?"

"இந்த நேரத்துலதான் தோணுது. என்னை எங்கனா கூட்டினு போறேன்னு ஒருத்தரும் சொன்னதே இல்ல. உன்னை உன் வூட்டுக்காரரு சொல்லியிருக்காரு, தொப்பி வேற வாங்கியாந்திருக்காரு. சொன்னதை வெச்சிக்கினு இத்தினி வருசமா சும்மா குந்திக்கினு இருக்கியே, உன்னை இன்னா சொல்றது?"

பக்கத்துப் படுக்கை அம்மாள், "தொப்பியா?" என்று ஆர்வமாகத் திரும்பினார். அன்று அந்த வார்டு முழுவதற்கும் என் தேனிலவுக் கதை தெரிந்துபோனது. மருந்து பாட்டில் மாற்ற வந்த நர்ஸ் பெண்கூட, "போயிட்டு வாங்கம்மா, குளிர் நல்லாருக்கும்," என்றது.

சிகிச்சை முடிந்து அவள் வீடு திரும்பினாள். தலையில் முடி இல்லை, ஒரு துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கட்டி போய்விட்டது, மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. எல்லோரும் போன பிறகு என் சமையலறையில் வந்து உட்கார்ந்து, என்னிடம் மட்டும் ஒன்று சொன்னாள்.

"விரல் நுனியெல்லாம் மரத்துப் போச்சுடி. இழையப் புடிச்சா, புடிச்சிருக்கனா இல்லியான்னே தெரியல."

கீமோவால் சிலருக்கு அப்படி ஆகுமாம். சிலருக்கு மெதுவாக உணர்ச்சி திரும்புமாம், சிலருக்கு முழுசாகத் திரும்பாதாம். அவள் எந்தக் கட்சி என்று டாக்டரே சொல்லவில்லை.

"முடி போனா வளரும். கை போச்சுன்னா இந்தத் தெருவுல நான் யாருடி?" என்றாள். நோய் வந்ததிலிருந்து அவள் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் நான் அழுதது அவளுக்குத் தெரிந்திருக்காது.

இங்கே எங்கள் தெரு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு தறிக்கு ஒருத்தி கை. அவள் பிணைக்கும் தறியை, அவள் வாயால் சொல்லாமல் இன்னொருத்தி தொடமாட்டாள். என் சிநேகிதி ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில்கூட, பின் தெருவிலிருந்து வந்தவள் இவளுக்கு ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் எங்கள் தறிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். இப்போது இவள் வீடு திரும்பிவிட்டாள். அதே சமயம் எங்கள் வீட்டில் மூன்றாவது புடவையும் இறங்கியது. என் வீட்டுக்காரர் புதுப் பாவைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வாசலில் போய் நின்றார். உடம்பு முடிந்தால் வந்து பிணை, முடியாவிட்டால் வேறு ஆளுக்குச் சொல் என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

அவள் துணியைச் சரிசெய்துகொண்டு, "பொண்டாட்டி புள்ளைய ஊட்டிக்குக் கூட்டினு போயிட்டு வாண்ணா. அப்புறம் நானே பிணைக்கிறேன்," என்றாள்.

இவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"வெளையாடாதம்மா. பாவு காத்துக்கினு இருக்குது."

"உன் பொண்டாட்டியும்தான் காத்துக்கினு இருக்கா."

இவர் பின் தெருவுக்குப் போனார். "அக்கா சொல்லட்டும், வர்றேன்," என்றாள் அங்கே. கிழக்கே ஒருத்தி வீட்டுக்குப் போனார். "ஊட்டி முடிஞ்சிடுச்சாண்ணா?" என்று கேட்டாள் அவள். செய்தி இவருக்கு முன்னால் சைக்கிளில் போயிருக்கிறது. தெருத் தெருவாகப் பாவைச் சுமந்துகொண்டு அலைந்து, வியர்த்து வடிந்து திரும்பி வந்தார். நான் மோர் கொடுத்தேன். முகத்தில் சிரிப்பு வராமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சாயந்தரம் அவளிடம் போய், "உனக்கு ஏண்டி இந்த வம்பு?" என்றேன்.

"ஊட்டி உனக்கு. நாள் எனக்கு," என்றாள். "நீங்க போய் வர்றதுக்குள்ள கை கொஞ்சம் திரும்புதா பாக்குறேன். திரும்பலன்னா அப்புறம் சொல்லிக்கலாம். இப்பவே வேற ஒருத்திய ஒக்கார வெச்சா, அதோட நான் அவ்ளோதான்."

அவளுடைய தந்திரம் எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. ஊட்டிக்காக ஸ்டிரைக் என்றால் ஒருவரும் அவள் கையைப் பற்றிக் கேட்கப்போவதில்லை.

என் வீட்டுக்காரர் சுலபமாக விட்டுக்கொடுக்கிறவரா? தானே பிணைப்பதாகச் சொல்லி உட்கார்ந்தார். நெய்வதில் கெட்டிக்காரர்தான். அறுந்த இழை ஒன்றிரண்டை நடுவில் முறுக்கிக்கொள்வார். ஒரு பாவு முழுக்கப் பிணைப்பதற்குப் பொறுமை வேண்டும், அது அவர் ஜாதகத்திலேயே இல்லை. முதல் நாள் நாலு விரல் அகலம் பிணைத்தார். இரண்டாம் நாள், அதில் பாதியை இழை மாற்றிப் பிணைத்திருப்பதைக் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் பிரித்தார். மூன்றாம் நாள் முதுகு பிடித்துக்கொண்டது. தைலம் தடவ என்னைக் கூப்பிட்டார். நான் தடவிக்கொண்டே, "ஊட்டியில யூக்கலிப்டஸ் தைலம் நல்லா கெடைக்குமாமே," என்றேன். திரும்பிப் படுத்தபடியே, "டிக்கெட் போடச் சொல்லு," என்றார்.

மகளிடம் ஃபோனில் எல்லாம் தயாராக இருந்தது. அப்பா வாயைத் திறந்தவுடன் ஒரு விரலால் தட்டிவிட்டாள். ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"அந்தம்மாவும் வரணும். இங்க வுட்டுட்டுப் போனா, வர்றதுக்குள்ள காஷ்மீருக்கு ஒரு ஸ்டிரைக் பண்ணி வெக்கும்."

டாக்டரைக் கேட்டோம், தாராளமாகப் போகலாம் என்றார். இப்படியாக என் தேனிலவுக்கு நான், என் வீட்டுக்காரர், எங்கள் மகள், என் சிநேகிதி என்று நாலு பேர் ரயிலேறினோம்.

மேட்டுப்பாளையத்தில் இறங்கிப் பஸ் பிடித்து மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு என் வீட்டுக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். ஊட்டியில் கால் வைத்ததும் குளிர் எலும்பைத் தொட்டது. அவர் பையிலிருந்து பழுப்புத் தொப்பியை எடுத்து மாட்டினார். கருஞ்சிவப்பை எடுத்து என்னிடம் நீட்டினார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு நீட்டுகிறாரே! வாங்கிக்கொண்டு திரும்பினால், என் சிநேகிதி துணி சுற்றிய தலையோடு நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். அவள் தலையில் அப்போதுதான் நாற்றங்கால் மாதிரி முடி முளைத்திருந்தது. தொப்பியை அவள் தலையில் மாட்டி, காது வரை இழுத்துவிட்டேன்.

அதன் விளைவு என்னவென்றால், ஊட்டி முழுக்க என் வீட்டுக்காரரும் என் சிநேகிதியும் ஜோடித் தொப்பி போட்டுக்கொண்டு நடந்தார்கள். நான் முந்தானையால் காதை மூடிக்கொண்டு பின்னால் போனேன். படகுத் துறையில் டிக்கெட் கொடுத்தவர் அவர்களைப் பார்த்து, "தம்பதி ரெண்டு பேரும் முன்னால உக்காருங்க," என்றார். என் மகள் ஃபோட்டோ எடுக்க முடியாமல் சிரித்தாள். "அண்ணா, எட்டப் போ, மானம் போவுது," என்று கத்தினாள் சிநேகிதி. எனக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இவ்வளவு தூரம் வந்து இப்படிச் சிரிக்க அவள் உயிரோடு இருக்கிறாளே என்று நினைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. குளிரால் என்று சொல்லிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரருக்கு மலை பிடித்ததா என்று கேட்டால், பிடித்தது என்பார். பூங்காவில் மலர்ப் பாத்திகளைப் பார்த்துவிட்டு, "பார்டர் கோணலா இருக்குது," என்றார். பனி இறங்கிப் பள்ளத்தாக்கே மறைந்தபோது நாங்கள் மூவரும் வாயைப் பிளந்து நின்றோம். அவரும் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்த ஊர்ல பாவுக்குக் கஞ்சி போட்டா காயவே காயாது," என்றார். என் தேனிலவில் அவர் பேசிய கவிதை அதுதான்.

அங்கேயே ஒரு டீக்கடை. கண்ணாடி டம்ளரில் கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தார்கள். நான் முந்தானையால் பிடித்தேன், மகள் கைக்குக் கை மாற்றினாள், இவர் விளிம்பை மட்டும் பிடித்து ஊதினார். என் சிநேகிதி டம்ளரைப் பத்து விரலாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, பனியைப் பார்த்தபடி நின்றாள்.

"சுடலியாம்மா உனக்கு?" என்று இவர் கேட்டார்.

இவர் அவள் விரல்களைப் பார்த்தார், சிவந்திருந்தன. டம்ளரை மெல்ல வாங்கிப் பெஞ்சில் வைத்தார். அவள் என்னைப் பார்த்தாள். மலைக்கு வந்தும் மறைக்க முடியவில்லையே என்று அந்தப் பார்வையில் இருந்தது.

திரும்பி வரும் ரயிலில் அவள் தூங்கிய பிறகு இவர் கேட்டார்.

"கை மரத்துப்போச்சா?"

"ம்."

"அப்போ ஸ்டிரைக்கு?"

"அதுவும் நெஜந்தான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபமா, வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஊருக்குப் போனதும் பின் தெருக்காரியைக் கூப்பிட்டுவிடுவாரோ என்று எனக்கு வழியெல்லாம் அடித்துக்கொண்டது. பாவு என்றால் பெற்ற பெண்ணின் காதுகுத்தையே தள்ளிப்போட்டவர் அவர்.

ஊர் வந்து சேர்ந்த மறுநாள் காலையில், யாரும் கூப்பிடாமலே அவள் வந்தாள். கையில் சாம்பல் கிண்ணம். "சொன்னேன்ல, ஊட்டி முடிஞ்சா பிணைக்கிறேன்னு," என்று சொல்லித் தறிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வீறாப்பாகத்தான் உட்கார்ந்தாள். முதல் இழை நழுவியது. இரண்டாவதும் நழுவியது. தெருவைப் பார்த்துக்கொண்டே பிணைத்தவள் இப்போது மூக்கு முட்டக் குனிந்து இழையைத் தேடினாள். அரட்டையும் இல்லை. எனக்கு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்றே தெரியவில்லை.

நடுப்பகலில் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறுக்கையும் கீழுதட்டில் ஒரு தரம் தொட்டு வைத்துவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

"இன்னாடி பண்ற?"

"விரல் சொல்ல மாட்டேங்குது. ஒதடு சொல்லுது," என்றாள். உதடெல்லாம் சாம்பல்.

விளக்கு வைக்கும்போது ஒரு சாண்கூட ஆகவில்லை. அவள் எழுந்து, இவரைப் பார்க்காமலே, "அண்ணா, வேற ஆளுக்குச் சொல்லிடட்டா?" என்றாள்.

இவர் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், "பாவு எங்க ஓடிப் போவுது? நாளைக்கி வாம்மா," என்றார்.

மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். தறி ஓசை இல்லாத வீட்டில் எங்களுக்குத் தூக்கமே சரியாக வரவில்லை. இவர் வேலை இல்லாமல் ஒட்டடை அடித்தார், எனக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தார், வாசலில் நின்று ஊட்டியில் பனி இறங்கிய கதையைப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். அவள் பக்கம் போய் ஒரு தரம்கூட நின்று பார்க்கவில்லை. பார்த்தால் அவசரப்படுத்துவது மாதிரி ஆகிவிடுமாம்.

பட்டு கொடுக்கும் கடை முதலாளி ஃபோன் செய்தார். புடவை எப்போது வரும், முகூர்த்தம் நெருங்குகிறதே, வேறு ஆளை வைத்துப் பிணைக்கக் கூடாதா என்று அவர் கத்துவது எனக்கே கேட்டது.

"எங்க வூட்டுத் தறிக்கு ஒரே கைதாங்க," என்றார் இவர். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன அதே குரலில், "பாவு முடியட்டுங்க, சொல்றேன்," என்று ஃபோனை வைத்தார். நான் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அந்த மனுஷன் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அப்போது போய்விட்டது.

கடைசி இழையைப் பிணைத்து முடித்தபோது வெயில் இறங்கியிருந்தது. இனி முன்னாலிருந்து இழுக்க வேண்டும். பிணைத்த இடமெல்லாம் இழைகளைச் சீப்பு மாதிரி பிரித்து நிறுத்தும் அச்சின் சன்னக் கண்கள் வழியாக வெளியே வர வேண்டும். முறுக்கு சரியில்லை என்றால் அங்கே அறுந்துவிடும். இவர் இழுத்தார். நானும் மகளும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். அவள் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள். முடிச்சுகள் வரிசையாக வந்தன. ஓர் ஓரத்தில் பட்டென்று ஒன்று அறுந்தது, பிறகு இன்னொன்று. அவள் தோள் குலுங்கியது. நாங்கள் அசையவில்லை. இவர் இன்னும் மெல்ல இழுத்தார். மீதி அவ்வளவும் வந்து சேர்ந்தது.

"வந்துடுச்சும்மா," என்றார்.

அவள் கண்ணைத் திறப்பதற்குள், அறுந்த இரண்டு இழைகளையும் இவரே அவசர அவசரமாக எடுத்து முறுக்கப் பார்த்தார். அவள் எழுந்து வந்து குனிந்து பார்த்தாள்.

"இது ஒரு முடிச்சாண்ணா? தள்ளு," என்றாள். அவர் கையிலிருந்து இழையைப் பிடுங்கி, முறுக்கைப் பிரித்து, சாம்பல் தொட்டுத் தானே புதிதாகப் பிணைத்து, உதட்டில் ஒரு தரம் வைத்துப் பார்த்தாள்.

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்.